அந்த 1,200 டாலர் யாரோட சம்பளம்?

கேள்வி: டெக்சாஸ்ல ப்ளேனோவுல இருக்கோம். ஒரே பையன், 28 வயசு. காலேஜ்ல பேஸ்பால் ஆடினான், உடம்பு அசைவைப் பத்தின கைனீசியாலஜி படிச்சான், மூணு வருஷமா ஒரு சின்ன டிவிஷன் டூ, அதாவது ரெண்டாவது மட்டத்துக் காலேஜ்ல பிட்ச்சிங் கோச்சா, பந்து போடறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவனா இருக்கான். வாலண்டியர்னு பேரு, சம்பளம் கிடையாது, சம்மர் கேம்ப்ல ஏதோ கொஞ்சம் வரும். நான் மாசம் 1,200 டாலர் அனுப்பறேன், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, அது வேற கதை. அவரு 'பந்து பொறுக்கற வேலை'ன்னு திட்டித் திட்டி இப்ப அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சே இல்ல. பொண்ணு பார்க்கலாம்னா பையனுக்கு என்ன வேலைன்னு சொல்ல வாய் வரல. இவனை எப்படி ஐடி பக்கம் திருப்பறது?
– பெயர் வேண்டாத ஒரு அம்மா

பதில்: ஏம்மா, "அது வேற கதை"ன்னு அவ்வளவு சுலபமா தாண்டிப் போயிட்டீங்களே, எனக்கு அதுக்கு மேல படிக்கவே ஓடல. மாசம் 1,200ன்னா வருஷத்துக்கு 14,400, மூணு வருஷத்துக்கு 43,200 டாலர், கூட்டிப் பார்த்தீங்களா? பையனுக்கு அனுப்பறோம்னு நீங்க நினைச்சுட்டிருக்கீங்க. அந்தக் காலேஜ் ஒரு கோச்சுக்குக் குடுக்க வேண்டிய சம்பளத்தைக் குடுக்காம நிம்மதியா உக்காந்திருக்கு, அதை ப்ளேனோவுல ஒரு அம்மா புருஷனுக்குத் தெரியாம கட்டிட்டிருக்காங்க. இலவசமா ஆள் கிடைக்கறப்போ அவங்க எதுக்குப் பர்ஸைத் திறக்கணும்?

இது உங்க வீட்டுல மட்டும் நடக்கறதும் இல்ல. டிவில காட்டற பெரிய டிவிஷன் ஒன் யூனிவர்சிட்டிங்கள்லயே 2023 ஜூலை வரைக்கும் ரூல் இதுதான், பேஸ்பால்ல ஹெட் கோச்சுக்குக் கீழ ரெண்டு பேருக்குத்தான் சம்பளம், மூணாவது ஆள் வாலண்டியர், காலேஜ் ஆசைப்பட்டாலும் அந்த ஆளுக்குக் கோச்சுன்னு சம்பளம் குடுக்கக் கூடாது. பிப்ரவரி நடுவுல சீசன் ஆரம்பிச்சா 56 மேட்ச், பஸ்ஸு, ஹோட்டல், வீடியோ பார்க்கறதுன்னு அந்த வாலண்டியரும் மத்த கோச்சுங்க மாதிரியேதான் ஓடினான், ஆனா கேம்ப்லயும் தனியா எடுக்கற லெசன்லயும் வர்ற காசுலதான் சாப்பாடு, மிச்சத்தைப் பொண்டாட்டி சம்பளமோ அப்பா அம்மா காசோ பார்த்துக்கணும். கடைசில அந்த வாலண்டியர்களே காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற என்சிஏஏ மேல கேஸ் போட்டு, 49 மில்லியன் டாலர் அளவுக்கு செட்டில்மெண்ட்டுன்னு 2024ல ஒத்துக்க வச்சாங்க. ஆனா ரூல் மாறினது மேல இருக்கற டிவிஷன்ல, உங்க பையன் இருக்கற இடத்துல இன்னும் அம்மா காசுலதான் வண்டி ஓடுது.

உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொல்றேன், படிச்சுக் காட்டுங்க. பந்து பொறுக்கற வேலையாம்! நம்ம கிரிக்கெட்ல பவுலிங் கோச் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா இதுல ஆபத்து ஜாஸ்தி. பிட்ச்சர் பிராக்டீஸ்ல பந்து போடறப்போ இவன் ஒரு பக்கெட்டைப் போட்டு அதுமேல உக்காந்திருப்பான், ஒரு கைல எத்தனை பந்து ஆச்சுன்னு எண்ற கிளிக்கர், முன்னாடி டேப்லட்ல ராப்சோடோங்கற பந்தை அளக்கற மெஷின் பந்து எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டும், ஆனா இவன் கண்ணு அந்தப் பையனோட முழங்கை மேலதான் இருக்கும். கொஞ்சம் கீழ இறங்குதா, களைச்சுட்டானா. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு லிகமெண்ட் இருக்கு, அது போச்சுன்னா டாமி ஜான் ஆபரேஷன், 1974ல டாமி ஜான்ங்கற பிட்ச்சருக்கு முதல்ல பண்ணாங்க, அதனால அந்தப் பேரு. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல ஆடாம உக்காந்திருக்கணும், சில பேர் திரும்பி வர்றதே இல்ல.

இதுல விஷயம் என்னன்னா, ஒருத்தன் எத்தனை பந்து போடலாம்னு காலேஜ்ல கட்டாயமான லிமிட்டே கிடையாது. காசுக்கு ஆடற பெரிய லீகான மேஜர் லீகும், யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014ல பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க, 19லேர்ந்து 22 வயசுக்கு ஒரு நாளைக்கு 120 பந்துக்கு மேல வேண்டாம், 105ஐத் தாண்டினா அஞ்சு நாள் ரெஸ்ட்டுன்னு. வழிகாட்டிதான், சட்டம் இல்ல. 2009ல உங்க ஆஸ்டின்ல டெக்சாஸ் யூனிவர்சிட்டியும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங்ஸ் (பேஸ்பால்ல சாதாரணமா ஒன்பதுதான்) ஆடின மேட்ச்ல ஆஸ்டின் உட்டுங்கற பையன் 13 இன்னிங்ஸ்ல 169 பந்து போட்டான், முந்தின நாளும் போட்டிருந்தான். ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. கை தட்டற கூட்டத்துக்கு நடுவுல ஹெட் கோச்கிட்டப் போயி "போதும், இவனை வெளிய எடுங்க"ன்னு சொல்ல வேண்டியவன் பிட்ச்சிங் கோச். அந்த வார்த்தைக்கு எடை வேணும்மா. சம்பளமே வாங்காம, நாளைக்குப் போகச் சொன்னா போயிடற நிலைமைல இருக்கறவன் சொன்னா யார் கேப்பாங்க? நீங்க அனுப்பற பணம் அவனுக்குச் சோறு போடுது, மரியாதையை வாங்கித் தரல.

இப்ப உங்களைத் திட்டறேன். புருஷனுக்குத் தெரியாம பிள்ளைக்குக் காசு குடுக்கறதைப் பாசம்னு நம்ம அம்மாக்கள் நினைச்சுக்கறாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. வீட்டுக் காசுன்னா அது ரெண்டு பேர் காசு. அவரு தெரியாம பேசறாரு, நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே அவரை வீட்டுல கெட்டவரா உக்கார வச்சிருக்கீங்க. பிள்ளைக்கு அப்பாகிட்டப் போயி நிக்க வேண்டிய அவசியமே இல்லாம ஆக்கினது யாரு? அவன் வந்து "கஷ்டமா இருக்குப்பா"ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா ரெண்டு பேரும் கத்தியிருப்பாங்க, சண்டை போட்டிருப்பாங்க, அப்புறம் பேசியிருப்பாங்க. 28 வயசு ஆம்பளை, அம்மா ஒளிச்சு அனுப்பற காசை வாங்கிக்கிட்டு அப்பா முகத்தைப் பார்க்காம இருக்கான், அவனையும் நான் விடறதா இல்ல.

ஐடி பேச்சை விடுங்க, உடம்பைப் பத்திப் படிச்சவனை ஜாவா படிக்கச் சொல்லி ரெண்டு வருஷத்தை வீணாக்க வேண்டாம். இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்ட முழுத் தொகையையும் சொல்லுங்க, திட்டுவாரு, வாங்கிக்கோங்க. அப்புறம் பையனை வரச் சொல்லி மூணு பேரும் உக்காந்து, ஜூலையோட பணம் நிக்குதுன்னு சொல்லுங்க. ஏன் ஜூலைன்னா சீசன் முடிஞ்சு கோச்சுங்க காலேஜ் மாத்தறது, புது ஆள் எடுக்கறதெல்லாம் அந்தச் சமயத்துலதான் மும்முரமா நடக்கும். ஹெட் கோச்கிட்ட நேரா கேக்கட்டும், சம்பளமா போடறீங்களா, இல்ல கிராஜுவேட் அசிஸ்டண்டா எடுத்து மாஸ்டர்ஸ் ஃபீஸாவது கட்டறீங்களான்னு. இல்லன்னா டெக்சாஸ்ல பப்ளிக் ஹைஸ்கூல் இருக்கு, டீச்சர் சர்டிபிகேட் எடுத்துட்டுப் போனா பாடமும் எடுக்கலாம், கோச்சும் பண்ணலாம், மாசச் சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு.

ஹைஸ்கூல்னா இறக்கம்னு அவன் மூஞ்சியைத் தூக்கினா வெஸ் ஜான்சனைச் சொல்லுங்க. ஹைஸ்கூல்ல கோச்சா இருந்தவரு, உங்க பக்கத்து டல்லாஸ் பேப்டிஸ்ட்ல பிட்ச்சிங் கோச்சா இருந்தாரு, அர்க்கன்சாஸ் யூனிவர்சிட்டிலேர்ந்து 2018 கடைசில நேரா மேஜர் லீக் டீமான மினசோட்டா ட்வின்ஸுக்குப் போனாரு, 2022 ஜூன்ல சீசன் நடுவுலயே அதை விட்டுட்டு எல்எஸ்யூவுக்கு, அதாவது லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு வந்தாரு, அடுத்த வருஷம் ஓமஹாவுல நடந்த ஃபைனல்ல அந்த டீம் காலேஜ் சாம்பியன். 2023லேர்ந்து ஜார்ஜியா யூனிவர்சிட்டில ஹெட் கோச். எல்லாரும் அப்படி ஆயிட மாட்டாங்க, அதையும் சேர்த்தே சொல்லுங்க, நீங்க பாட்டுக்கு இன்னொரு மூணு வருஷம் காத்திருக்க ஆரம்பிச்சுடாதீங்க.

பொண்ணு வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா பிட்ச்சிங் கோச்சுன்னு நிமிர்ந்து சொல்லுங்க. அடுத்து சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்க. அதுக்கு அவன் சொந்த வாயால ஒரு நம்பர் சொல்ற வரைக்கும் ஜாதகத்தை வெளில எடுக்காதீங்க.