ஹெபடைடிஸ் பி ‘கேரியர்’ என்றால் சும்மா இருந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. அப்பா 58 வயதில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது. சென்ற மாதம் ரத்ததானம் செய்யப் போன என் தம்பிக்கு (36) ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. நானும் பார்த்தேன், பாசிட்டிவ். எல்.எஃப்.டி. (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) நார்மலாக இருப்பதால், ‘நீங்கள் வெறும் கேரியர்தான் (வைரஸைச் சுமப்பவர்), ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்கிறார்கள். உறவினர்கள் கீழாநெல்லி சாப்பிடச் சொல்கிறார்கள். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதை ஏற்காதீர்கள். உங்கள் வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் அது பொருந்தாது.

மது, ஹெபடைடிஸ் சி, சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் ஆகியவை பெரும்பாலும் முதலில் கல்லீரலைச் சுருங்கவைக்கும் (சிரோசிஸ்). புற்றுநோய் அதன் பிறகுதான் வரும். ஹெபடைடிஸ் பி அப்படிக் காத்திருப்பதில்லை. அந்த வைரஸ் தன் மரபணுவைக் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுவதால், சிரோசிஸ் இல்லாத கல்லீரலிலும் கட்டி வரலாம். எல்.எஃப்.டி.யில் வரும் எஸ்.ஜி.பி.டி. அளவு, இப்போது செல்கள் சேதமாகின்றனவா என்பதை மட்டுமே காட்டும். இரண்டு சென்டிமீட்டர் கட்டி உள்ளே இருந்தாலும் அது நார்மலாகவே இருக்கக்கூடும். வலி, மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல் என்று அறிகுறி தெரியும்போது கட்டி பெரும்பாலும் முற்றியிருக்கும்.

எனவே நீங்களும் தம்பியும் இப்போதே எச்.பி.வி. டி.என்.ஏ. அளவு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது), எச்.பி.இ. ஆன்டிஜென் (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்பது), ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி., பிளேட்லெட், கிரியாட்டினின், ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தாலே வைரஸ் உள்ளவருக்கு மருந்து தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். பொதுவாகத் தருவது தினம் ஒரு டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. தொடங்கியபின் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடங்கிய வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரலே செயலிழக்கும் அளவுக்குப் போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் இதைத் தொடங்கச் சொல்கிறோம். அப்பாவின் வரலாறு இருப்பதால் உங்கள் தம்பி 40 வரை காத்திருக்க வேண்டாம். ஏன் ஆறு மாதம்? இந்தக் கட்டியின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும், இரண்டு செ.மீ. கட்டி இரட்டிப்பாவது என்றால் குறுக்களவில் அது இரண்டரை செ.மீ. ஆகிறது, அவ்வளவுதான். அதாவது இன்னும் குணப்படுத்தும் எல்லைக்குள்தான் இருக்கும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று தள்ளிப்போட்டால் அந்த எல்லை கைநழுவும்.

ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சீட்டில் வெறுமனே ‘வயிற்று ஸ்கேன்’ என்று இல்லாமல், ‘ஹெபடைடிஸ் பி, கல்லீரல் கட்டி கண்காணிப்பு’ என்று எழுதச் சொல்லுங்கள். உதரவிதானத்தை ஒட்டிய மேல்பகுதி விலா எலும்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் அது தெரியும். அவசரமாகப் பார்க்கும் ஸ்கேனில் தவறுவது பெரும்பாலும் இந்த இடம்தான். கூடவே, கல்லீரல் கட்டி சுரக்கும் புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்யலாம். ஆனால் ஆரம்பநிலைக் கட்டிகள் பலவற்றில் அது உயராது என்பதால், அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

ஒரு செ.மீ.க்குக் குறைவாக ஏதாவது தெரிந்தால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன். அதற்கு மேல் என்றால் மூன்று கட்ட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்வது. அதனால் சாயம் ஏற்றியதும் கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றுப்புறத்தைவிட மங்கிப்போகும். உங்களைப் போன்றவர்களிடம் இந்தத் தோற்றம் தெளிவாக இருந்தால் பயாப்ஸி (ஊசியால் கட்டியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) தேவையில்லை. ஊசி போன பாதையில் செல்கள் சிந்தும் அபாயமும் சிறிதளவு உண்டு.

சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வழிகள் இருக்கின்றன. மீதிக் கல்லீரல் திடமாக இருந்தால் கட்டியை வெட்டி எடுக்கலாம். மூன்று செ.மீ. வரையிலான கட்டியை ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்கலாம். சிரோசிஸும் இருந்தால் மாற்றுக் கல்லீரல். 1996இல் வந்த மிலான் அளவுகோல்படி அதற்கு ஒரே கட்டி ஐந்து செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் மூன்று செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் தாண்டினால், கட்டிக்குப் போகும் தமனியில் மருந்து செலுத்தி அடைக்கும் ‘டேஸ்’ சிகிச்சையும், நோயெதிர்ப்பு மருந்துகளும் ஆயுளை நீட்டிக்கும்.

கீழாநெல்லி விஷயம். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, இது ஹெபடைடிஸ் பி வைரஸை நீக்குகிறது என்று லான்செட் இதழில் வெளியாகி நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையையும் ஸ்கேனையும் விட்டுவிடாதீர்கள். மதுவை முற்றிலும் தவிர்த்து, எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். பூஞ்சை பிடித்த, கசக்கும் நிலக்கடலையைத் தூக்கி எறியுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அது இரட்டை ஆபத்து.

மனைவிக்குக் கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.பி.எஸ். ஆன்டிஜென் (ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்று காட்டுவது) பார்த்தார்களா என்று அட்டையில் பாருங்கள். நெகட்டிவ் என்றால், தடுப்பூசி போட்டிருக்கிறாரா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ், மேல்கையில் (இடுப்பில் போட்டால் பலன் குறையும்). கர்ப்பத்தில் இது பாதுகாப்பானதே. அதுவரை ஆணுறை அவசியம். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது, ஆனால் ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும் பொதுவில் வேண்டாம். அவரும் பாசிட்டிவாக இருந்து, டி.என்.ஏ. அளவு ஒரு மில்லிக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் தருவார்கள். அப்போது குழந்தை பிறந்ததும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்). தாய் நெகட்டிவ் என்றாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அம்மாவைப் பரிசோதித்தீர்களா என்பதை. அண்ணன், தம்பி இருவருக்கும் இருக்கிறது என்றால், பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாக நீங்கிவிடும் இந்த வைரஸ், பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகிவிடும். உங்கள் அம்மாவையும், உடன்பிறந்த மற்றவர்களையும் இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பாசிட்டிவ் என்றால் அம்மாவுக்கும் அன்றே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.