பெருகும் குடும்பத்துக்கு எஸ்யூவி: பின்சீட்டிலிருந்து சில பதில்கள்

கேள்வி: மூத்தவனுக்கு 4 வயது. அடுத்த குழந்தை வரப்போகிறது. தாத்தா, பாட்டியும் எங்களோடுதான் இருக்கிறார்கள். 5 சீட் போதுமா, 7 சீட் எடுத்துவிடலாமா?

பதில்: ஆறு பேரும் ஒன்றாக மாதத்தில் எத்தனை நாள் கிளம்புகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வாரம் ஒருமுறை என்றால் 7 சீட். எப்போதோ ஒருநாள் என்றால் 5 சீட்டே போதும், அந்த நாளுக்கு வாடகை வண்டி இருக்கிறது. நடுத்தர அளவு எஸ்யூவியில் கடைசி வரிசை பெரும்பாலும் பெயருக்குத்தான். தரை உயர்ந்திருப்பதால் பெரியவர்களுக்கு முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் பெரிய பெட்டி ஒன்றுகூட நிற்காது.

7 சீட்தான் என்று முடிவானால், யார் எங்கே உட்காருவார்கள் என்று பேப்பரில் வரைந்து பாருங்கள். தாத்தா, பாட்டியைக் கடைசி வரிசைக்கு ஏற்ற முடியாது. கைக்குழந்தையையும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைக்க முடியாது. ஆக நடு வரிசையில் மூன்று பேர், கடைசியில் மூத்தவன். உங்கள் குடும்பத்துக்கு நடுவில் தனித்தனி கேப்டன் சீட் ஒத்துவராது, மூன்று பேர் உட்காரும் நீள சீட்தான் சரி. பார்க்க அழகாக இருக்கிறது என்று கேப்டன் சீட் எடுத்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நிறைய.

கடைசி வரிசைக்குப் போக நடு சீட்டின் ஒரு பகுதியை மடித்துக் கவிழ்க்க வேண்டும். அந்தப் பகுதியில் சைல்டு சீட் மாட்டியிருந்தால் அது கவிழாது. எனவே எந்தப் பக்கம் கவிழ்கிறது என்று பார்த்து, குழந்தை சீட்டை எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். அந்தப் பக்கம் நடைபாதையை ஒட்டி வருமா, சாலையை ஒட்டி வருமா என்பதையும் கவனியுங்கள். சாலைப் பக்கம் நின்று குழந்தைக்கு பெல்ட் மாட்டுவது தினமும் தலைவலி.

கடைசி வரிசையில் இன்னும் மூன்றைச் சரிபாருங்கள். சைல்டு சீட்டை வண்டியோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல வண்டிகளில் அங்கே இருக்காது, அதனால் பெல்ட்டிலேயே மாட்டக்கூடிய சீட்தான் மூத்தவனுக்கு வாங்க வேண்டியிருக்கும். ஜன்னலோரம் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் அந்த வரிசை வரை நீள்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டு, கையேட்டிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி வென்ட் இருந்தால் மட்டும் போதாது, கையை வைத்துப் பார்த்தால் காற்று வர வேண்டும்.

கேள்வி: ஒரே வரிசையில் மூன்று சைல்டு சீட் வைக்க வேண்டும். எந்த அளவைப் பார்த்து வண்டி எடுப்பது?

பதில்: பிரோஷரில் போட்டிருக்கும் தோள் அகலம் உதவாது. இடுப்பு மட்டத்தில், இரு கதவுகளின் கைப்பிடிகளுக்கு இடையே டேப் பிடியுங்கள். சைல்டு சீட்டுகள் பல 44 செ.மீ. வரை அகலம் கொண்டவை. மூன்றுக்கு 132 செ.மீ. ஆகிறது. கணக்குப்படி அடங்கும் வண்டியில்கூட நடைமுறையில் அடங்காமல் போகலாம். காரணம் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள். ஒவ்வொரு ஜோடியும் 28 செ.மீ. இடைவெளியில் ஒரே இடத்தில் பற்ற வைக்கப்பட்டிருக்கும், அதில் மாட்டிய சீட்டை ஓரமாக நகர்த்த முடியாது. பெல்ட்டில் மாட்டும் சீட்டை ஓரிரு செ.மீ. தள்ளி இடம் பண்ணலாம். பெரும்பாலான வண்டிகளில் ஐசோஃபிக்ஸ் ஓரத்து இரு சீட்டுகளில் மட்டுமே இருக்கும், நடுவில் பெல்ட்தான்.

வண்டி பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டருக்கு அடிப்பாகம் அகலம், பின்னோக்கி வைக்கும் சீட்டுக்குப் பெரும்பாலும் மேல்பாகம் அகலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் இடுக்கில் மற்றது பொருந்தும். இரண்டு பூஸ்டரை ஒட்டி வைத்தால் பெல்ட் பக்கிள் நடுவில் புதைந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை அதைத் தேடி மாட்டாது, நீங்கள்தான் தினமும் விரலை நுழைக்க வேண்டும்.

முன்பக்கம் ஊன்றுகால் உள்ள சீட் என்றால் வண்டியின் கால்வைக்கும் தரையைத் தட்டிப் பாருங்கள். சில எஸ்யூவிகளில் அங்கே மூடி போட்ட சேமிப்புப் பெட்டி இருக்கும். அந்த மூடி மேல் ஊன்றுகாலை நிறுத்தக் கூடாது, மோதலில் மூடி உடைந்து சீட் முன்னால் சாயும். அதை நிரப்ப வண்டி நிறுவனம் தனித் துண்டு தருகிறதா என்று கேளுங்கள். ஐசோஃபிக்ஸில் சீட்டின் எடையும் குழந்தையின் எடையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. பிள்ளை வளர வளர அந்த எல்லை நெருங்கிவிடும், நினைவில் வையுங்கள்.

கேள்வி: பின்னோக்கி வைக்கும் சீட் வாங்கினோம். முன்னால் உட்காருபவர் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது. பெரிய வண்டி எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: வண்டியின் நீளம் பெரிதானால் மட்டும் சரியாகாது. கூடுதல் நீளத்தை டிக்கிக்கே கொடுத்துவிடும் வண்டிகளும் உண்டு. முன்னும் பின்னும் நகரும் நடு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அதை முழுக்கப் பின்னால் தள்ளி, உங்கள் சீட்டை மாட்டி, வீட்டிலேயே உயரமானவரை முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் இல்லாத பக்கத்து சீட்டுக்குப் பின்னால் மாட்டுவதே நல்லது, ஓட்டுபவர் இருக்கையில் சமரசம் கூடாது. முன்பக்க இடம் போதவில்லை என்று குழந்தையை அவசரப்பட்டு முன்னோக்கித் திருப்பாதீர்கள். ஐ-சைஸ் எனும் ஐரோப்பிய சைல்டு சீட் விதிப்படி 15 மாதம் வரை பின்னோக்கித்தான், அதற்கு மேலும் சீட் அனுமதிக்கும் வரை அப்படியே வைப்பது கழுத்துக்குப் பாதுகாப்பு. முன் சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது.

கேள்வி: ஒரு வண்டிக்கு டிக்கி 450 லிட்டர், இன்னொன்றுக்கு 520 லிட்டர். ஆனால் எங்கள் குழந்தைத் தள்ளுவண்டி 450-இல்தான் நுழைகிறது. எப்படி?

பதில்: 20 × 10 × 5 செ.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை மூலை முடுக்கெல்லாம் அடுக்கி எண்ணுவது ஓர் அளவீட்டு முறை. சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள பொந்தும், தரைக்கு அடியில் உள்ள குழியும் அதில் கணக்காகிவிடும். தள்ளுவண்டி அங்கே போகுமா? ஒரு நிறுவனம் மேல்தட்டு வரை அளக்கும், மற்றொன்று கூரை வரை அளக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள அகலம், சீட் முதுகு வரை உள்ள ஆழம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம் என்பது. விளிம்பு இடுப்புக்கு மேல் இருந்தால் 12 கிலோ தள்ளுவண்டியைத் தினமும் தூக்கிப் போடும் முதுகு சீக்கிரமே புகார் சொல்லும்.

கேள்வி: பள்ளிக்கூடம், ஆபீஸ், கடை எல்லாம் 4 கி.மீ.க்குள். டீசல் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நவீன டீசலில் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை 600 டிகிரி அளவு வெப்பத்தில் எரித்துத்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு 15, 20 நிமிடம் ஒரே சீராக வண்டி ஓட வேண்டும். நீங்களோ பாதியிலேயே எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். கரி எரிவதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசலில் ஒரு பங்கு எரியாமல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போனால் அதுதான் காரணம். நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நகருக்கு எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் முழு ஹைபிரிட் அருமை. பிளக்-இன் ஹைபிரிட் என்றால் தினமும் சார்ஜ் போடும் வசதி இருந்தால்தான். பேட்டரி டிக்கித் தரைக்குக் கீழே வருவதால் சிலவற்றில் ஸ்டெப்னியும் காணாமல் போகும்.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் இருந்தால் மழையில் பாதுகாப்பு அதிகம்தானே?

பதில்: எஞ்சின் விசை நான்கு சக்கரத்துக்கும் போவதால் வழுக்கும் இடத்திலிருந்து கிளம்ப உதவும். பிரேக் போட்டு நிற்க உதவாது, எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: டாப் வேரியன்ட் எடுத்தால் 19 இன்ச் வீலும் கண்ணாடிக் கூரையும் வருகிறது. பின்சீட்டில் மகளுக்கு வாந்தி வரும் பழக்கம் உண்டு.

பதில்: டாப் வேரியன்டை மறந்துவிடுங்கள். 215/60 ஆர்17 டயரின் பக்கச் சுவர் 129 மி.மீ. உயரம். ஏறக்குறைய அதே மொத்த உயரமுள்ள 235/45 ஆர்19 டயரில் அது 106 மி.மீ. தான். பள்ளத்தில் அடி வாங்கி அமுங்க வேண்டிய ரப்பர் 2 செ.மீ.க்கு மேல் குறைந்துவிட்டது. குலுக்கல் கூடும், ரிம் வளையும் வாய்ப்பும் கூடும். கண்ணாடிக் கூரை தலைக்கு மேல் சில செ.மீ. இடத்தைத் தின்றுவிடும். அதன் நான்கு மூலைகளிலும் இருக்கும் வடிகால் குழாய்கள் இலை தழையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கால்வைக்கும் இடத்தில் இறங்கும்.

வாந்திக்குக் காரணம் காது உணரும் அசைவுக்கும் கண் பார்ப்பதற்கும் ஒத்துப்போகாமல் இருப்பது. பின்கதவுக் கண்ணாடி ஏறிப்போய்ச் சின்னதாக இருக்கும் வண்டிகளில் பிள்ளைக்கு வெளியே அடிவானம் தெரியாது, கதவின் பிளாஸ்டிக்தான் தெரியும். மகளின் சீட்டில் அவள் கண் உயரத்துக்குக் குனிந்து நீங்களே பாருங்கள். பின் அச்சுக்குப் பின்னால் உள்ள கடைசி வரிசையில் அவளை உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: 7 சீட் வண்டியில் 7 பேரும், கூரையில் பெட்டியும் வைத்துப் போகலாமா?

பதில்: கணக்குப் போடாமல் கூடாது. அனுமதித்த மொத்த எடை 2,050 கிலோ, வெற்று எடை 1,570 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 480 கிலோ. பெரியவர் நால்வர் தலைக்கு 70 என 280, பிள்ளைகள் மூவர் தலைக்கு 25 என 75, இரண்டு சைல்டு சீட் 24. மொத்தம் 379. சாமானுக்கு 101 கிலோதான். சில நாடுகளில் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள், அதையும் பாருங்கள். கூரையின் எல்லை பல வண்டிகளில் 75 கிலோதான். பெட்டியின் எடை, கம்பிகளின் எடை எல்லாம் அதற்குள் அடக்கம். பாரம் ஏற்றும் அன்று ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச் சுமைக்கான காற்றழுத்தத்தைப் பார்த்து, டயர் சூடேறும் முன்பே நிரப்புங்கள்.

கேள்வி: இரண்டு வண்டிக்கும் மோதல் சோதனையில் 5 ஸ்டார். எதை நம்புவது?

பதில்: சோதித்த ஆண்டைப் பாருங்கள். விதிகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன, பழைய 5 இன்றைய 5 ஆகாது. பிறகு ஸ்டாரை விட்டுவிட்டு, குழந்தைகள் பாதுகாப்புக்கான தனி மதிப்பெண்ணைத் தேடுங்கள். எந்தெந்தச் சீட்டில் எந்த வகை சைல்டு சீட் பொருந்துகிறது என்ற அட்டவணையும் மோதல் சோதனை நடத்தும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் அறிக்கையில் இருக்கும். சோதித்த வேரியன்டில் இருந்த ஏர்பேக்குகள் நீங்கள் வாங்கும் வேரியன்டிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: டெஸ்ட் டிரைவுக்கு என்ன கொண்டுபோவது?

பதில்: வீட்டிலுள்ள சைல்டு சீட் எல்லாவற்றையும், தள்ளுவண்டியையும், ஒரு டேப்பையும். ஐசோஃபிக்ஸ் கொக்கி பஞ்சுக்குள் புதைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சீட்டைத் தள்ளி 'க்ளிக்' சத்தம் கேட்டு, குறிப்பான் பச்சைக்கு மாறியதும் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டுங்கள், 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பிறகு பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, பாதி திறந்த கதவு வழியாகக் கைக்குழந்தையைத் தலை இடிக்காமல் உள்ளே வைத்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.