ஷோனென் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளி நண்பர்கள் சொன்னார்கள் என்று 'டெத் நோட்' மாங்கா (ஜப்பானியப் படக்கதை) வேண்டும் என ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைக்காரர், "ஷோனென் வகைதான் மேடம், சின்னப் பசங்களுக்கானது, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். 12 தொகுதிக்கும் சேர்த்து 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். 7 வயது மகள் 'சி'ஸ் ஸ்வீட் ஹோம்' என்ற பூனைக்குட்டிக் கதையைக் கேட்கிறாள். இணையத்தில் தேடினால் அது 'செய்னென்', வளர்ந்த ஆண்களுக்கானது என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது. எதை வாங்குவது? (வாசகி, ஈரோடு)

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. பூனைக்குட்டியை இன்றைக்கே வாங்குங்கள். டெத் நோட்டை நிறுத்துங்கள். கடைக்காரர் சொன்ன வகையும் சரி, இணையத்தில் நீங்கள் பார்த்த வகையும் சரி. இரண்டுக்கும் உங்கள் பிள்ளைகளின் வயதுக்கும்தான் சம்பந்தமில்லை.

ஜப்பானில் மாங்கா பெரும்பாலும் பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு புத்தகமாகும். ஷோனென் என்றால் சிறுவன், ஷோஜோ என்றால் சிறுமி, செய்னென் இளைஞர், ஜோசெய் பெண், கொடோமோ குழந்தை. தொடர் வந்த பத்திரிகை யாரை நம்பி நடத்தப்பட்டதோ, அவர்கள் பெயர் கதையிலும் ஒட்டிக்கொள்ளும். கோகுலத்தில் வந்த கதை, மங்கையர் மலரில் வந்த கதை என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல.

டெத் நோட் 2003 முதல் 2006 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வந்தது. 1968இல் தொடங்கிய இதழ் அது. 1990களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிக்கு மேல் அச்சானது. அத்தனையையும் பத்து வயதுப் பையன்களா படித்திருப்பார்கள்? கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும்கூட ரயிலில் விரித்து வைத்துப் படித்த இதழ். இதழ் நடத்துகிறவர்களுக்கும் அது தெரியும். சரி, கதை என்ன? ஒரு பள்ளி மாணவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது. முகத்தை மனதில் நிறுத்தி அதில் ஒருவர் பெயரை எழுதினால், 40 வினாடியில் அவர் மாரடைப்பில் சாவார். நாயகனே கொலைகாரன், அதுவும் மகா புத்திசாலி. அருமையான கதைதான். பதினாறு வயதில் படித்தால் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுப் பேசலாம். பதினொன்றில் படித்துவிட்டு, பிடிக்காத டீச்சர் பெயரை ரஃப் நோட்டில் எழுதிவைத்து, இரவெல்லாம் தூங்காமல் கிடந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

உங்கள் மகள் கேட்பது 'மார்னிங்' என்ற செய்னென் வார இதழில் 2004இலிருந்து 2015 வரை வந்தது. தாயைப் பிரிந்து வழிதவறிய பூனைக்குட்டியை, செல்லப்பிராணி வளர்க்கக்கூடாத குடியிருப்பில் ஒரு குடும்பம் ஒளித்து வளர்க்கிறது. இவ்வளவுதான் 'ஆபத்து'. அந்த இதழை வாங்குவது பெரும்பாலும் வேலைக்குப் போகிற ஆண்கள். அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்புகிறவனுக்குப் பூனைக்குட்டி பிடிக்காதா என்ன?

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியிருக்கும் ஷின்சான் 1990இல் தொடங்கியது 'வீக்லி மாங்கா ஆக்‌ஷன்' என்ற பெரியவர்கள் இதழில். இங்கே அதைக் குழந்தைகள் சேனலில் போட்டார்கள், 2008இல் அரசு தடை செய்தது, பிறகு வெட்டி ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். வகையைப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்குமே என்பீர்கள். அதே வகையைப் பார்த்துத்தானே பூனைக்குட்டியை வேண்டாம் என்கிறீர்கள்?

ஷோஜோவும் இப்படித்தான். 'நானா' என்ற தொடருக்கு 2003இல் ஷோஜோ பிரிவில் ஷோகாகுகான் என்ற ஜப்பானியப் பதிப்பகத்தின் மாங்கா விருது கிடைத்தது. அதில் வருவது இருபது வயதுப் பெண்களின் காதல், கர்ப்பம், போதை. பெண் பிள்ளைக்குத்தானே என்று நம்பி வாங்காதீர்கள். ஜோசெய் இதழில் வந்த 'சிஹாயாஃபுரு'வோ பள்ளிப் பிள்ளைகள் பழங்கவிதைச் சீட்டு விளையாடும் கதை. சமையல் கதை என்று யாராவது 'ஃபுட் வார்ஸ்' நீட்டினால் உஷார். ஷோனென் ஜம்ப்பில் வந்ததுதான், சமையலும் நிஜம்தான். ஆனால் ஒரு வாய் சாப்பிட்டதும் கதாபாத்திரங்களின் உடை பறக்கும்.

'செய்னென்' என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் இதே உச்சரிப்பில் இரண்டு சொற்கள் உண்டு, எழுத்துதான் வேறு. ஒன்று இளைஞர். மற்றது சட்டப்படி வயது வந்தவர். 1991இலிருந்து அங்கே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான காமிக்ஸ் அட்டையில் அந்த இரண்டாவது சொல்லைத்தான் முத்திரையாகப் போடுகிறார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி ஊரைப் பயமுறுத்துகிறார்கள்.

ஒரே கதை நடுவில் வகை மாறியதும் உண்டு. வைக்கிங் கதையான 'வின்லாண்ட் சாகா' 2005 ஏப்ரலில் 'வீக்லி ஷோனென் மேகசின்' இதழில் தொடங்கியது. வாரா வாரம் அத்தனை நுணுக்கமாக வரைந்து தள்ள ஓவியருக்கு முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 'ஆஃப்டர்நூன்' என்ற மாத இதழுக்கு, அதாவது செய்னெனுக்கு, மாறிவிட்டது. அதே நாயகன், அதே கோடாரி, அதே ரத்தம். ஏப்ரலில் சிறுவர் கதை, டிசம்பரில் இளைஞர் கதை! கதையில் எதுவும் மாறவில்லை, கெடு தேதிதான் மாறியது. வகையை வைத்து வாங்கினால், ஷோனெனில் வந்த முதல் பகுதியை மகனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? பின்னட்டையை. விஸ் போன்ற ஆங்கிலப் பதிப்பகங்கள் வயதுக் குறி போடுகின்றன. 'ஏ' எல்லோருக்கும், 'டி' 13க்கு மேல், 'டி பிளஸ்' 16க்கு மேல், 'எம்' 18க்கு மேல். டெத் நோட் 'டி பிளஸ்'. மாங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவதால், நாம் முன்னட்டை என்று நினைத்துத் திறக்கும் பக்கம்தான் பின்னட்டை. பார்கோடுக்குப் பக்கத்தில் பாருங்கள், சிறிய எழுத்தில் இருக்கும். நம் தணிக்கைச் சான்றிதழ் திரைப்படத்துக்கு மட்டும்தான், புத்தகத்துக்குக் கிடையாது. ஓடிடியில் யு/ஏ 13+, 16+ என்று போடச் சொல்லி 2021 விதி இருக்கிறது. அதை மூலையில் இரண்டு நொடி காட்டிவிட்டு, 'ஷோனென்' என்பதை 'காமெடி'க்குப் பக்கத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். பத்திரிகைப் பிரிவைக் கதை வகை ஆக்கியது எந்தப் புண்ணியவானோ!

நடைபாதையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'முழு செட் பாதி விலை' என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். பெரும்பாலும் திருட்டு அச்சு. என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டிய செட்டில் வயதுக் குறி இருக்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால், அடியில் வெறும் மசித் திட்டு. நல்ல கடையிலும் மொத்த செட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒரு தொகுதி வாங்கி, பிள்ளைக்கு முன்னால் நீங்கள் படியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

முன்பணத்தைக் கடைக்காரர் திருப்பித் தர மாட்டார், அது எனக்குத் தெரியும். பணமாகக் கேட்காதீர்கள், வேறு புத்தகமாகக் கேளுங்கள். மகளுக்குப் பூனைக்குட்டியின் முதல் தொகுதி, மகனுக்கு 'ஹைக்யூ' முதல் தொகுதி. பள்ளி வாலிபால் அணியின் கதை. குட்டையான பையன் ஒருவன் எம்பி எம்பி அடிப்பான். குறி 'டி'தான், இரண்டு வயது முந்தினாலும் இதற்கு நான் தயங்க மாட்டேன். அதுவும் ஷோனென்தான் என்று மகனிடம் சொல்லுங்கள், நண்பர்களிடம் மானம் போகாது.