எல்லையோரத் தமிழ்த் தொகுதியில் எம்.எல்.ஏ. அலுவலகம் மக்களுக்குத் தகவலை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது: கேரளத்தின் மூணாறுப் பக்கம் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் தினமும் போடுகிறீர்கள். ஆனாலும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனால் "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். தவறு எங்கே?

கடந்த ஒரு மாதம் போட்டதை முதலில் திரும்பப் பாருங்கள். எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டுகிறார், மனு வாங்குகிறார், அமைச்சருக்குச் சால்வை போடுகிறார். இதெல்லாம் படம், தகவல் அல்ல. மீதி இருப்பது அரசு ஆணையின் மலையாள நகல், அதற்கு மேலே "அனைவரும் பயன்படுத்திக்கொள்ளவும்" என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு ஒருவர் எந்த ஆபீசுக்குப் போவார்?

தேயிலைத் தோட்டத்தின் கணக்கு வேறு. வேலைக்கு ஆள் போகிற நேரத்தில் வில்லேஜ் ஆபீஸ் பூட்டியிருக்கும். அது 10 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடும்போது ஆள் கொழுந்துக்காட்டில் இருப்பார். ஒரு சான்றிதழுக்காக இறங்கினால் அன்றைய கூலி போனது. ஒரு தாள் குறைவு என்று திருப்பி அனுப்பினால் இரண்டு நாள் கூலி. மூணாறிலிருந்து தேவிகுளம் தாலுக்கா ஆபீஸ் சுமார் 7 கிலோமீட்டர்தான். மறையூர், வட்டவடைக்காரர்களுக்கோ மூணாறு வரவே 40 கிலோமீட்டர் ஆகிவிடும். கலெக்டரேட் இருக்கும் பைனாவு மூணாறிலிருந்து இன்னொரு 60. ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு நடையை மிச்சப்படுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். யாருக்கு, என்னென்ன தாள், எந்த இடம், எவ்வளவு கட்டணம், கடைசி நாள் எது, முடியாது என்று சொன்னால் அடுத்து யாரிடம் போவது: இத்தனையும் அதில் இருக்க வேண்டும்.

பென்ஷன் மஸ்டரிங்கை எடுத்துக்கொள்வோம். "சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியப் பயனாளிகள் மஸ்டரிங் செய்வது கட்டாயம்" என்று எழுதினால் தோட்டத்தில் அது வேறு அர்த்தம் தரும். அங்கே மஸ்டர் என்றால் காலையில் பேர் போடுகிற இடம். ஓய்வுபெற்ற கிழவி "நமக்கு ஏது இனி மஸ்டர்" என்று பேசாமல் இருந்துவிடுவாள், பென்ஷனும் நின்றுவிடும். இப்படி எழுதலாம்: "முதியோர், விதவை, ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்துக் காட்ட வேண்டும். இடம்: அட்சயா (அரசு இ-சேவை மையம்). கொண்டுபோக வேண்டியது: ஆதார். கட்டணம் 30 ரூபாய். படுத்த படுக்கையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அட்சயா ஆள் வீட்டுக்கு வருவார், அதற்கு 50 ரூபாய். தேதிக்குள் செய்யாவிட்டால் பணம் நிற்கும்." இதற்குக் கீழே இன்னொரு வரியும் தேவை. ஆயுள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் ஏற்காது. "ரேகை விழவில்லை" என்றதும் பலர் அழுதுகொண்டே திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் ஆயுள் சான்று வாங்கிப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுக்கலாம் என்பதை எழுதாவிட்டால் அந்த அறிவிப்பு பாதிதான்.

கட்டணத்தைத் தவறாமல் போடுங்கள். 30 என்று அச்சில் இருந்தால் யாரும் 100 கேட்க மாட்டார்கள்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இந்தப் பக்கம் பெரிய காரணம் பெயர். ரேஷன் கார்டு மலையாளத்தில், ஆதார் ஆங்கிலத்தில், தேனியிலோ சங்கரன்கோவிலிலோ படித்த பள்ளியின் மாற்றுச் சான்று தமிழில். முருகேசன் என்ற ஒரே ஆளின் பெயர் தமிழ்நாட்டில் எழுதும்போது ஆங்கில "ஜி"யோடு வரும், இங்கே மலையாளத்திலிருந்து எழுதும்போது "கே"யோடு வரும். இனிஷியல் தமிழ்நாட்டில் முன்னால், கேரளத்தில் பின்னால். அப்பா பெயரா வீட்டுப் பெயரா என்ற குழப்பம் வேறு. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். ஆகவே எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் "ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்று சேர்த்துவிடுங்கள். திருத்தம் செய்ய நாள் பிடிக்கும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அறிவிப்பது இப்படிப்பட்டவர்களுக்கு அறிவிக்காததற்குச் சமம்.

சாதிச் சான்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பம் கேரளத்தில் அந்தச் சலுகையைப் பெற, முன்னோர் 1950-லேயே இங்கே குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். தாத்தா பாட்டியின் எஸ்டேட் பதிவேடு, பழைய பி.எஃப். தாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவைதான் கைகொடுக்கும். லயத்தைக் காலி செய்யும்போது பழைய டிரங்குப் பெட்டியோடு அந்தத் தாளும் குப்பைக்குப் போய்விடுகிறது. "பழைய எஸ்டேட் தாள்களை எறியாதீர்கள், எதற்கென்றால் இதற்கு" என்று வருடம் இருமுறை, பள்ளி சேர்க்கைக்கு முன்பும் ஓய்வுபெறும் சமயத்திலும், ஒரு அறிவிப்பு போடுங்கள். செலவில்லாத வேலை.

அடுத்தது மொழி. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஒரு உரிமை தருகிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் ஆபீசுகளுக்கும் அவரவர் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவும் குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவுண்டரில் வாதாட நேரம் இருக்காது. நடைமுறையில் பயன்படுவது இதுதான்: மனுவைத் தமிழிலேயே எழுதி, மேலே பொருள், பெயர், கேட்பது என்ன என்பதை மலையாளத்தில் நான்கு வரியில் வைப்பது. உரிமையும் கெடாது, ஃபைலும் நகரும். அலுவலகத்தில் அந்த நான்கு வரிக்கு ஒரு மாதிரித் தாள் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பை இணையக் கருவியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2021-இல் தேவிகுளம் உறுப்பினர் சட்டமன்றத்தில் தமிழில் எடுத்த உறுதிமொழியில் மொழிபெயர்ப்பில் ஒரு பகுதி விட்டுப்போனதால், அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டி வந்தது. சபைக்கே அந்த நிலைமை என்றால் உங்கள் நோட்டீஸ் எம்மாத்திரம். மலையாளத்தில் "அபேக்ஷ" என்பது விண்ணப்பம், "க்ஷேமநிதி" நலநிதி. ஆனால் வாரியத்தின் பெயரைத் தமிழாக்கிவிட்டால் ஆபீசில் யாருக்கும் புரியாது. பெயரை மலையாள உச்சரிப்பிலேயே விட்டு, பக்கத்தில் அர்த்தத்தைத் தமிழில் சொல்வதே சரி. தேடிப்போகும் ஆள் வாயில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமோ அந்தச் சொல் நோட்டீஸில் இருக்க வேண்டும்.

சபையில் எம்.எல்.ஏ. கேட்ட கேள்விக்கு அமைச்சர் தந்த பதில் மலையாளத்தில்தான் வரும். அதை முழுசாகப் போடாமல் கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன, அதில் தேதியோ தொகையோ உண்டா என்று மூன்று வரித் தமிழில் போடுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், வெற்றி மாதிரி ஜோடிக்க வேண்டாம்.

இனி வழிகள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேரும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினோம், வரவில்லை என்கிறார்கள்" என்ற புகாரில் பாதி இதுதான். சேனல் தொடங்கினால் எண்ணிக்கைத் தடை இல்லை, உறுப்பினர் எண்ணும் வெளியே தெரியாது. ஆனால் பள்ளத்தில் இருக்கும் டிவிஷன்களில் (எஸ்டேட்டின் உட்பிரிவுகளில்) ரேஞ்சே கிடைக்காது. பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயை விடப் பெரிய வழி கேரளத்தில் வேறில்லை. அதன் அக்கம்பக்கக் குழுவான அயல்கூட்டம் கூடும், அங்கே லயத்துப் பெண்கள் இருப்பார்கள். இந்தக் குழுக்களுக்கு மேலே வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்ற அமைப்புகள் உண்டு. சி.டி.எஸ். தலைவிக்கு ஒரு பக்கத் தாளைக் கொடுத்தால் ஒரு சுற்றுக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டுவிடும். பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனை அக்காமார் மாதம் ஒருமுறை வீடு வீடாக ஏறுகிறார்கள், அவர்கள் கையிலும் துண்டுத்தாள் கொடுக்கலாம். ஒன்று கவனியுங்கள்: இரண்டும் கட்சிக்கு அப்பாற்பட்டவை. எம்.எல்.ஏ. படமும் கட்சி நிறமும் போட்ட தாளைக் கொடுத்தால் அடுத்த மாதம் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது.

கிராமசபை வார்டு அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், 10 சதவீத வாக்காளர் வர வேண்டும். வேலைநாள் பகலில் வைத்தால் தோட்டத்து ஆள் வர மாட்டார். தேதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கும்படி வார்டு மெம்பரிடம் பேசுவதே உங்கள் அலுவலகம் செய்யக்கூடிய பெரிய தகவல் பணி. மற்றபடி ரேஷன் கடைப் பலகை, கொழுந்து எடை போடும் இடம், கோயில், சர்ச் வாசல். எழுத்து தூரத்திலிருந்து தெரிய வேண்டும், தேதி முடிந்ததும் நீங்களே கிழிக்க வேண்டும். பழைய நோட்டீஸ் தொங்கும் பலகையை யாரும் படிப்பதில்லை.

எல்லை என்பதால் ரேஷன் கேள்வி நிறைய வரும். மஞ்சள், ரோஸ் கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வேலைக்காகத் தமிழ்நாட்டில் தங்கியிருப்பவர் அங்குள்ள கடையில் அந்தச் சட்டத்தின் தானியத்தை ஆதார் ரேகை வைத்து வாங்கலாம். நீலம், வெள்ளைக்கு அது கிடையாது. அந்தந்த மாநிலம் தனியாகத் தரும் சர்க்கரை, பருப்பு, பண்டிகைப் பொருள் எதுவும் எல்லை தாண்டாது. இரண்டு ஊரிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எந்தக் கட்சி அலுவலகத்துக்கும் இதைச் சொல்லக் கை வராது. ஆனால் நாளைக்கு நோட்டீஸ் வரும்போது மாட்டுவது அந்தத் தொழிலாளிதான்.

மழைக்காலம் தனி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில். ஆகவே மழைத் தகவலுக்குப் போனை நம்பாதீர்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு ஆள், கையில் டார்ச், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவது என்று மே மாதத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். மழை எச்சரிக்கையின் நிறத்தை மழை அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. மஞ்சள், 115.6 முதல் 204.4 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. எச்சரிக்கைப் படத்தில் தேதியும் நேரமும் பெரிதாக இல்லாவிட்டால் நேற்றைய ஆரஞ்சு நாளை மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. செல்போனில் முன்னால் 04862 போட வேண்டும். எல்லை ஓரத்தில் தமிழ்நாட்டு டவர் பிடித்தால் 108 அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வாய்ப்புண்டு. போனை எடுத்ததும் முதலில் "இடுக்கி மாவட்டம், இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன்" என்று சொல்லும்படி எழுதிவையுங்கள்.

யானை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். படையப்பா என்ற காட்டு யானை எந்த வளைவில் நிற்கிறது என்று படத்தோடு பொதுவில் போட்டால் வீடு திரும்பும் தொழிலாளியைவிட முதலில் கேமராவோடு சுற்றுலாக்காரர் வந்து நிற்பார். அந்த டிவிஷன் குழுவுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

"இல்லை" என்பதையும் சொல்லப் பழகுங்கள். எஸ்டேட் ரோடு ஏன் போடவில்லை என்ற கேள்வி ஓயாது. தோட்டத்துக்குள் ஓடும் ரோடு கம்பெனியின் நிலம் என்றால் எம்.எல்.ஏ. நிதியைத் தனியார் சொத்தில் போட முடியாது, பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் வழி. இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லி, கம்பெனிக்குக் கடிதம் போன தேதியையும் போட்டுவிட்டால் கோபம் போகாது, வதந்தி போகும். வந்த மனுக்களுக்கு ஒரு நோட்டு: தேதி, பெயர், டிவிஷன், என்ன வேண்டும், எந்த ஆபீசுக்கு அனுப்பினோம், ஃபைல் எண், அடுத்து விசாரிக்கும் நாள். கடைசி இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் அந்த மனு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பயனாளிகள் பட்டியலை ஆதார் எண்ணோடு குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க லைக் எண்ண வேண்டாம். அறிவிப்பு போட்ட பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஞ்ச் கிடைக்காத ஒரு லயத்தில் நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, "மஸ்டரிங்குக்கு என்ன எடுத்துட்டுப் போகணும், எவ்வளவு கேப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். "ஆதார், 30 ரூபா" என்று எத்தனை வீட்டில் பதில் வருகிறது என்று பாருங்கள்.