காழ்ப்பும் கறுவும்

கேள்வி: ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’ என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறேன். காழ்ப்பு என்றால் கோபம்தானா? எங்கள் வீட்டில் ‘கறுவிக்கொண்டே இருக்கிறான்’ என்பார்கள். இரண்டும் ஒன்றா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கோபம் வேறு, காழ்ப்பு வேறு. ‘காழ்’ என்பது மரத்தின் வைரம், தச்சர்கள் ‘சேகு’ என்று சொல்லும் இறுகிய கெட்டிப் பகுதி. பனையும் தென்னையும் போல வெளிப்புறம் வைரமாக இருப்பவை ‘புறக்காழ்’ என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவை ‘அகக்காழ்’ என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. கருவேல மரத்தை அறுத்துப் பாருங்கள்: பட்டையை ஒட்டி வெளுத்த மரமும், நடுவே செம்பழுப்பாக இறுகிய வைரமும் தெரியும். அந்த வைரம் ஒரே நாளில் ஏறியதன்று. பகையும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில் உள்ளே இறுகிப்போனால் அதுவே காழ்ப்பு.

அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் விடுபட்டதற்காகத் தம்பி மண்டபத்தில் சத்தம் போட்டால் அது கோபம். 12 ஆண்டுகள் கழித்து அந்த அண்ணியின் சாவுக்கும் போகாமல் தம்பி தம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது காழ்ப்பு. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வள்ளுவர் ‘பகைத்திறம் தெரிதல்’ அதிகாரத்தில், ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ (879) என்கிறார். கன்றாக இருக்கும்போதே முள்மரத்தை வெட்டிவிட வேண்டும், வைரம் ஏறிவிட்டால் வெட்டுகிறவர் கையைத்தான் அது புண்ணாக்கும் என்பது பொருள். பகையையும் மரத்தையும் ‘காழ்த்த’ என்ற ஒரு சொல்லில் அவர் இணைத்துவிடுகிறார்.

ஆகவே நேற்று முளைத்த கருத்து வேறுபாட்டையும், ஒரு நாள் கண்டன அறிக்கையையும் காழ்ப்புணர்ச்சி என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் காலத்தை அது அழித்துவிடுகிறது. அந்த இடங்களில் எரிச்சல், வெறுப்பு, எதிர்ப்பு என்றே எழுதலாம்.

கறுவு இதற்கு நெருங்கிய உறவுச் சொல். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்பது தொல்காப்பியம்; அதாவது, கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் கோபத்தையும் குறிக்கும். அந்தக் ‘கறு’விலிருந்து வந்ததே கறுவுதல். ஆனால் காழ்ப்பு உள்ளே உறைந்து கிடக்கும், கறுவுகிறவரோ பழிதீர்க்கச் சமயம் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டார் சொல்வது சரியான வழக்குத்தான். எழுதும்போது மட்டும் ‘கருவிக்கொண்டு’ என்று இடையின ரகரம் போடாமல், வல்லின றகரத்தையே இடுங்கள்.