நேபாளக் கொடியின் மேல்முனை

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் பள்ளியில் அண்டை நாட்டுக் கொடிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதிவரச் சொன்னார்கள். நேபாளத்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டு முக்கோணமும் இமயமலை என்கிறது ஒரு புத்தகம். இந்து மதமும் பௌத்தமும் என்கிறது இன்னொன்று. அரச குடும்பமும் பிரதமர் குடும்பமும் என்றும் ஓர் இடத்தில் படித்தேன். எதை எழுதுவது?

இன்னொரு விஷயம். அவள் இணையத்தில் கிடைத்த ஒரு படத்தைப் பிரின்ட் எடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து ஒழுங்காகத்தான் வரைந்தாள். மேல் முக்கோணத்தின் முனை கீழ் முனையைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பிழை, இரண்டும் ஒரே நேர்கோட்டில் முடிய வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். மதிப்பெண் போகட்டும், அவள் அழுதுவிட்டாள். அதோடு என் சொந்த சந்தேகம் ஒன்று: உலகமே செவ்வகத்தில் கொடி வைத்திருக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் இந்த அடம்?

எஸ்., விருதுநகர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை, பேரனின் ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். இரவு பத்தரை ஆகிவிட்டது. ஆகவே இந்தப் பதில் கொஞ்சம் கணக்கு வாத்தியார் வாடையோடுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடத்திலிருந்து தொடங்குகிறேன். யார் அடம்பிடித்தார்கள் என்பதே எனக்குச் சந்தேகம். செவ்வகக் கொடியை உலகத்துக்குப் பொதுவாக்கியவை பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்கள். கடலில் தூரத்தில் வரும் கப்பல் யாருடையது என்று தெரிய வேண்டும், அதற்குப் பட்டை பட்டையாக, பெரிதாக ஒரு துணி வேண்டும். பின்னால் அந்தக் கப்பல்கள் போய் இறங்கிய இடமெல்லாம் அதே வடிவம் ஒட்டிக்கொண்டது. காலனி ஆட்சி முடிந்து புதிய கொடி செய்தபோதும் நிறத்தை மாற்றினார்களே தவிர வடிவத்தை யாரும் தொடவில்லை. நம் துணைக்கண்டத்தின் பழைய வழக்கம் வேறு. வடக்கே கோயில் உச்சியில் பறக்கும் காவித்துணி முக்கோணம். மராட்டியர்களின் கொடி நுனி பிளந்தது. நேபாளத்துக்குக் கடல் கிடையாது. 1814-16 போரில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்று, சுகௌலி ஒப்பந்தத்தில் ஏராளமான நிலத்தை இழந்தார்கள். ஆனால் காட்மாண்டுவில் வெள்ளைக்காரன் உட்கார்ந்து ஆளவில்லை. பழைய கொடியை இறக்கி வைக்க அங்கே காரணமே வரவில்லை. ஒரு தெரு முழுக்க வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறிய பிறகு, மாறாமல் இருந்தவரைப் பார்த்து ‘இதென்ன புதுசா?’ என்று கேட்பதைப் போலத்தான் இருக்கிறது நம் கேள்வி.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பறந்த இரண்டு தனி முக்கோணக் கொடிகள் காலப்போக்கில் ஒரே துணியாக இணைந்தன என்பதுதான் இந்த வடிவத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அகலத்தைவிட உயரம் கூடுதலாக உள்ள தேசியக் கொடி இது ஒன்றுதான். சில சர்வதேச நிகழ்ச்சிகளில் வரிசை அழகு கெட்டுவிடும் என்று இதன் பின்னால் வெள்ளைத் துணி வைத்துத் தைத்துச் செவ்வகமாக்கிவிடுவார்கள். நேபாளிகளுக்குக் கோபம் வருவது நியாயம்தான். இல்லாத ஒரு நிறம் கொடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே.

இனிப் பொருள். இமயம், இரண்டு மதங்கள், இரண்டு குடும்பங்கள், மூன்றில் எது சரி என்கிறீர்கள். மூன்றும் சொல்லப்படுவதுதான். ஆனால் எந்தக் காலத்தில் எது வசதியாக இருந்தது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

1846 முதல் 1951 வரை நேபாளத்தில் மன்னர் பேருக்கு மன்னர். அதிகாரம் முழுவதும் ராணா குடும்பத்துப் பிரதமர்கள் கையில், அதுவும் பரம்பரையாக. அந்த நாளில் மேலே இருக்கும் சந்திரன் அரச குடும்பம், கீழே இருக்கும் சூரியன் ராணாக்கள் என்று சொல்வது எல்லோருக்கும் பொருந்திவந்தது. மன்னர் மேலே குளிர்ச்சியாக இருப்பார், காய்வது கீழே உள்ளவர் வேலை. 1951-இல் ராணாக்கள் போனார்கள். சூரியன் போகவில்லை. அப்புறம் சந்திரன் என்றால் மக்களின் சாந்த குணம், மலையின் குளிர். சூரியன் என்றால் வீரம், தெராய்ச் சமவெளியின் வெயில் என்று ஆயிற்று. 2008 மே 28 அன்று முடியாட்சியே ஒழிந்தது. அதற்கு முன்பே மன்னரை வாழ்த்திய தேசிய கீதத்தை மாற்றிவிட்டார்கள், அரசு முத்திரையையும் மாற்றிவிட்டார்கள். கொடி மட்டும் அப்படியே நின்றது. நின்றது மட்டுமா, புதிய முத்திரையின் உச்சியிலேயே போய் ஏறிக்கொண்டது. ‘அரச குடும்பம்’ என்று பொருள் சொல்லப்பட்ட அதே சந்திரன் இன்று ஒரு குடியரசின் சந்திரன்.

சூரியனும் சந்திரனும் உள்ளவரை நாடு நிலைக்கட்டும் என்றும் ஒரு பொருள் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணம் நமக்கும் இது பழக்கம். நம் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலமோ விளக்கோ கொடுத்தால் ‘சந்திராதித்தவற்’ என்று ஒரு சொல் வரும். சந்திரனும் ஆதித்தனும் உள்ளளவும் இந்தத் தர்மம் நடக்க வேண்டும் என்பது. துணைக்கண்டம் முழுக்கச் சாசனங்களில் புழங்கிய வாக்கு. அங்கே அது துணியில் ஏறியிருக்கிறது.

சிவப்புக்கு நேபாளியில் சிம்ரிக் என்று பெயர். அவர்களுடைய தேசிய மலரான லாலிகுராஸின் நிறம் என்பார்கள். நீலக் கரை அமைதி. இதற்குமேல் நிறங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எந்த நாட்டுக் கொடியை எடுத்தாலும் சிவப்புக்கு வீரமும் நீலத்துக்கு அமைதியும் கிடைத்துவிடும்.

ஆனால் நேபாளத்தின் அரசமைப்பைத் திறந்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2015-இல் வந்த இப்போதைய அரசமைப்பில் எட்டாவது பிரிவு கொடியைப் பற்றியது. சிவப்புத் தளம், கருநீலக் கரை, மேல் பகுதியில் பதினாறு கதிர்களில் எட்டு மட்டும் தெரியும் பிறைச் சந்திரன், கீழே பன்னிரண்டு கதிர்ச் சூரியன் என்று விவரிக்கிறது. இமயம் என்றோ மதம் என்றோ குடும்பம் என்றோ ஒரு சொல் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் அட்டவணையில் எப்படி வரைவது என்று 24 படிகள் கொடுத்திருக்கிறார்கள். பொருளை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், வரைவதில் மட்டும் விளையாடாதே என்கிறது சட்டம்.

இந்த 24 படிகள் 1962 டிசம்பர் 16-இல் பிறந்தவை. அதற்கு முன் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு, பழைய பஞ்சாங்கப் படம் போல. தைப்பவர் கைக்குத் தக்கபடி கொடியின் அளவும் மாறும். மன்னர் மகேந்திரா காலத்தில் சங்கர் நாத் ரிமால் என்ற பொறியாளர் அதை வடிவ கணிதத்துக்குள் கொண்டுவந்தார், முகங்கள் போயின. அதே நாளில்தான் கட்சிகளுக்கு இடமில்லாத பஞ்சாயத்து அரசமைப்பும் வந்தது. தேர்தலில் வென்ற பி. பி. கொய்ராலாவின் அரசைக் கலைத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. முகத்தை அழிப்பதில் மன்னருக்கு அப்போது நல்ல பழக்கம் இருந்தது என்று எழுதத் தோன்றுகிறது, எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் படிகளை அடுத்து வந்த ஜனநாயகமும் அப்படியே வைத்துக்கொண்டது. நல்ல கணக்கு யார் போட்டாலும் கணக்குதான்.

படிகளில் சென்டிமீட்டர் இல்லை, டிகிரி இல்லை. முதல் படி: துணியின் அடியில் இடமிருந்து வலமாக வேண்டிய நீளத்துக்கு ஒரு கோடு போடு. இதை அடிக்கோடு என்போம். இடது முனையிலிருந்து மேலே இன்னொரு கோடு, அடிக்கோட்டின் நீளமும் அதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்த்து. இந்த நிற்கும் கோட்டில் அடிக்கோட்டின் நீளத்துக்கு ஒரு புள்ளி வைத்து, அதை அடிக்கோட்டின் வலது முனையோடு சேர். ஒரு சாய்கோடு கிடைக்கும். அந்தச் சாய்கோட்டில் வலது முனையிலிருந்து மறுபடியும் அடிக்கோட்டின் நீளத்தை அளந்து புள்ளி வை. அந்தப் புள்ளி வழியாக அடிக்கோட்டுக்கு இணையாக, அதே நீளத்தில் ஒரு கோடு. அதன் வலது முனையையும் உச்சியையும் சேர்த்தால் சிவப்புப் பகுதி முடிந்தது. ஒரு கயிறு இருந்தால் போதும், தையற்கடைத் தரையில் போட்டுவிடலாம்.

அந்த இணைகோடு எந்த உயரத்தில் விழுகிறது என்று கணக்குப் போட்டேன். அடிக்கோட்டை 1 என்று கொண்டால் 0.7071... அதாவது இரண்டின் வர்க்கமூலத்தில் பாதி. சட்டம் எழுதியவர் வர்க்கமூலம் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. கயிற்றைச் சாய்த்து அளக்கச் சொன்னார், அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தரை மணிக்கு நான் மேஜையைத் தட்டியது இதற்குத்தான்.

சந்திரனுக்கு 6 முதல் 18 வரை பதின்மூன்று படிகள். அவற்றை இங்கே எழுதினால் நீங்கள் எனக்குக் கடிதம் போடுவதையே நிறுத்திவிடுவீர்கள். வட்டத்துக்குள் வட்டம், வில் வெட்டும் இடத்தில் இன்னொரு மையம் என்று போகும். சூரியன் நான்கே படிகளில் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு விளக்கம்: இதில் போட்ட இன்னின்ன கோடுகள் கற்பனைக் கோடுகள், கொடியில் காட்டப்படுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தில் கற்பனை என்ற சொல்லுக்கு இடம் கொடுத்திருப்பது ஓர் எழுத்தாளனாக எனக்கு மகிழ்ச்சி.

இப்போது உங்கள் மகளின் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருவோம்.

சிவப்புப் பகுதியை மட்டும் பார்த்தால் ஆசிரியர் சொன்னது சரி. மேலே போட்ட இணைகோடும் அடிக்கோடும் ஒரே நீளம், இரண்டும் ஒரே இடது ஓரத்தில் தொடங்குகின்றன. ஆகவே இரண்டு சிவப்பு முனைகளும் ஒரே செங்குத்துக் கோட்டில்தான் முடியும். அகலம் மூன்று பங்கு என்றால் உயரம் நான்கு பங்கு, சுத்தமான கணக்கு. ஆனால் 23-ஆம் படியில் நீலக் கரை வருகிறது. கரையின் அகலம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஐந்து மூலைகளிலும் வெளிக்கோணமும் உட்கோணமும் சமமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சேலைக் கரையை மூலையில் மடித்துத் தைத்த யாருக்கும் இது தெரியும்: மூலை எவ்வளவு கூர்மையோ, கரை அவ்வளவு தூரம் வெளியே ஓடும். கீழ் முனையின் கோணம் 45 டிகிரி. மேல் முனை அதைவிடக் கூர்மை, 32 டிகிரிதான். அதனால் மேலே நீலம் அதிக தூரம் ஓடுகிறது.

எவ்வளவு? கரையின் அகலத்தைச் சந்திரன் வரையும்போது கிடைக்கும் ஒரு சிறு துண்டுக் கோட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். அடிக்கோட்டை 20 சென்டிமீட்டர் என்று வைத்துப் போட்டால் கரை 8.6 மில்லிமீட்டர் வருகிறது. மேல் முனை கீழ் முனையைத் தாண்டி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் வரைந்ததில் பத்து வந்தது, என் பென்சில் மொண்ணை. கரையையும் சேர்த்து மொத்தக் கொடியை அளந்தால் அகலம் 1-க்கு உயரம் 1.21901 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் எண். மூன்றுக்கு நான்கு என்ற சுத்தம் கரை தைத்ததும் போய்விடுகிறது.

ஆகவே உங்கள் மகள் பிரின்ட் எடுத்த படம் சரியான படம். அவள் கையும் சரி. ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் ஏதோ ஒரு சின்னப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஒரு சார்ட் தாளும் கவராயமும் கொடுத்து, முதல் ஐந்து படிகளையும் 23-ஆவது படியையும் மட்டும் அவளையே போடச் சொல்லுங்கள். கரையை 9 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளட்டும், பெரிய வித்தியாசம் வராது. பொருள் என்ற இடத்தில் மூன்றையும் எழுதட்டும், பக்கத்தில் எந்த ஆண்டில் யார் ஆண்டார்கள் என்பதையும் சேர்த்து.

சூரியனையும் வரையத் தோன்றினால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு கதிர்களில் ஒன்று நேர் மேலேயும் ஒன்று நேர் கீழேயும் நிற்க வேண்டும், 22-ஆம் படி. நான் அதைக் கவனிக்காமல் முதல் தடவை சாய்த்துப் போட்டு அழித்தேன்.

அன்புடன்