முதல் தூறலும் மின்கம்பத்துப் பீங்கானும்

வணக்கம் ஐயா,

எங்கள் வீடு தூத்துக்குடியில், உப்பளம் பக்கம். கோடை முழுக்க ஒழுங்காக இருக்கும் கரண்ட், மழைக்காலத்தின் முதல் தூறலில் போய்விடுகிறது. கம்பத்துப் பீங்கானில் நீலப்பொறி, கூடவே ஒரு சீறல். அடைமழையில் இப்படி ஆவதில்லையே, ஏன்? தண்ணீர் வண்டியை வைத்துக் கழுவினால் என்ன? ரப்பர் இன்சுலேட்டர் போட்டால் தீர்ந்துவிடுமா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அடைமழை உங்கள் பீங்கானுக்கு நல்லதுதான் செய்கிறது. மாதக்கணக்கில் கடற்காற்று அதன்மேல் உப்பைப் பூசி வைக்கிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. தூறலும் பனியும் அதைக் கரைக்கும், ஆனால் கழுவிக்கொண்டு போகாது. அந்த ஈரப்படலத்தில் மின்சாரம் கசியும்போது சூடேறி, படலம் சில இடங்களில் பட்டையாகக் காய்ந்துவிடும். பெரும்பகுதி மின்னழுத்தம் அந்தக் காய்ந்த பட்டையின் மேல் விழுவதால் பொறி அதைத் தாண்டிக் குதிக்கிறது. நீங்கள் கேட்ட சீறல் அதுதான். பொறிகள் நீண்டு கம்பியிலிருந்து இரும்புச்சட்டம் வரை எட்டிவிட்டால் லைன் ட்ரிப் ஆகிவிடும்.

பீங்கானில் அத்தனை மடிப்புகள் இருப்பது இந்தக் கசிவுப் பாதையை நீட்டத்தான். ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பின் பழைய கணக்கில் இந்தப் பாதை மாசு குறைந்த இடத்துக்குக் கிலோவோல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர், மிகக் கடுமையான கடலோரத்துக்கு 31. 11 கேவி லைனின் உச்ச அழுத்தம் 12 கேவி. அப்படியென்றால் 192 மில்லிமீட்டர் எங்கே, 372 எங்கே! உள்நாட்டுக்கு வாங்கிய சரக்கைக் கடலோரத்தில் மாட்டினால் பீங்கானைத் திட்டிப் பயனில்லை.

கழுவலாம், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, லைனை அணைத்துவிட்டு. ஓடும் லைனையும் கழுவுகிறார்கள், ஆனால் அதற்கு உப்பு நீக்கிய தண்ணீர், குறித்த இடைவெளி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். உங்கள் ஊர் போர் தண்ணீரை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சரி, ரப்பர். சிலிக்கோன் ரப்பரில் தண்ணீர் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். உள்ளிருந்து நுண்ணிய சிலிக்கோன் எண்ணெய் ஊறி, மேலே படிந்த உப்பையும் தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும். கடலோரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பீங்கானின் மெருகு எளிதில் தேயாது, அதில் துருப்பிடிப்பது உள்ளிருக்கும் இரும்புப் பின். ரப்பரோ தானே முதுமையடையும். நாள்கணக்கில் ஈரமும் பொறியும் விடாமல் தொடர்ந்தால் தண்ணீரை விலக்கும் குணம் போய்விடும். ஓய்வு கிடைத்தால் மீளும், கிடைக்காவிட்டால் மேற்பரப்பு அரிக்கும். முனைச் சீல் விட்டு ஈரம் நுழைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடியிழைத் தண்டு அமில அரிப்பில் சட்டென்று முறியலாம், கீழே நின்று பார்ப்பவருக்கு முன்கூட்டி எதுவும் தெரியாமலே. ஆகவே ரப்பர் போட்டபின் ஆய்வை நிறுத்திவிடக் கூடாது. மடிப்பில் கருந்தடமும் முனையில் வெடிப்பும் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் ஏறிப் பார்க்கத்தான் வேண்டும்.